ஆண்களில் சற்று அதிகம்

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சார்ட் பேப்பர் வெகுநாள் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். குட்டையான பச்சைக் கட்டத்துக்குக் கீழே ‘இந்தியா’ என்று எழுதியிருக்கும். அதைவிட உயரமான சிவப்புக் கட்டத்துக்குக் கீழே ‘நமது பகுதி’ என்று எழுதியிருக்கும். வயது வந்தவர்களில் எத்தனை பேர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமியின் தடயம் இருக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் படம் அது. பார்க்க வருகிறவர்களிடம் பெரிய டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அதை விளக்குவார். ஸ்கெட்ச் பேனாவும் ஸ்கேலும் வைத்து அதை வரைந்தவள் நான்தான். பச்சையும் பொய், சிவப்பும் பொய் என்று தெரிந்துகொண்டேதான் வரைந்தேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. ஒரு டிரஸ்ட் நடத்தியது. நான் அங்கே லேப் டெக்னீஷியன். திருநின்றவூரில் ஒரு போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். காலையில் மின்சார ரயிலில் இடிபட்டு ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்து லேபுக்கு வந்து சேரும்போதே எனக்குப் பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியை அங்கிருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆயாவிலிருந்து அட்மினிஸ்ட்ரேட்டர் வரை எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும், இருந்தது அந்த வாய் ஒன்றுதான். அதுவும் தேவைப்பட்ட இடத்தில் திறக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

எண்பதுகளில் நான் படித்தபோது அந்த நோய்க்குப் பெயரே கிடையாது. ரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்கு ஈரல் கெட்டுப்போகும். சோதித்தால் ஏ வகைக் காமாலையும் இருக்காது, பி வகையும் இருக்காது. ஆகவே ‘ஏயும் இல்லை, பியும் இல்லை’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் தெரியாத ஆளை அங்க அடையாளம் சொல்லிக் கூப்பிடுவதுபோல. பிறகு அது சி ஆயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் அதைக் கண்டுபிடிக்கும் கிட் எங்கள் லேபுக்கும் வந்தது. தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை, அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில், ஒரு சொட்டு. கடைசி மருந்தை விட்டதும் ஒன்றுமில்லாதவர் குழி தண்ணீராகவே இருக்கும். இருக்கிறவர் குழி மஞ்சளாகும்.

கிட் வந்ததும் பெரிய டாக்டருக்கு ஆசை வந்தது. ஆவடி வட்டாரத்தில் இந்த நோய் தேசத்தைவிட அதிகம் என்று காட்டிவிட்டால் டெல்லியிலிருந்து ஆட்கள் வருவார்கள், ஈரலுக்கென்றே தனி வார்டு கட்டலாம் என்று கணக்குப் போட்டார். அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டவர் இல்லை அவர். அதிகம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் எங்களை அனுப்பினார்.

தேசத்தின் எண் எப்படி வந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். சில பெரிய ஊர்களின் ரத்த வங்கிகளில் ரத்தம் கொடுக்க வந்தவர்களைச் சோதித்ததில் வந்ததாம். ரத்தம் கொடுக்க யார் வருவார்? திடமான ஆள் வருவான். பிரசவத்தில் ரத்தம் போய், யாரோ ஒருவன் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு பிழைத்தவள் வருவாளா? நசரத்பேட்டையில் யாரைக் கேட்டார்கள், வெள்ளானூரில் யாரைக் கேட்டார்கள்? நாலு ஊர் வாலிபர்களுடைய ரத்தத்துக்கு இந்தியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நீ சாம்பிளைப் பாரும்மா, சயின்ஸை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

எங்கள் எண்ணை நாங்கள் எப்படிக் கொண்டுவந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புத் துறை ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே ஒரே மாதிரி வீடுகளில் இருந்தன. வீட்டுக்கு ஒருவர். வயது வந்தவர்களின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் கையில்தான் ஊசி குத்த வேண்டும். மாற்றக் கூடாது. காகிதத்தில் இது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் குவார்ட்டர்ஸில் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்றால் அதற்கு அர்த்தமே வேறு. ரேஷனுக்கு வீட்டுக்கு ஒருவர், மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு ஒருவர், தண்ணீர் லாரிக்கு வீட்டுக்கு ஒருவர். கார்டில் புருஷன் பெயர் இருக்கும், வரிசையில் பெண்டாட்டி நிற்பாள். யார் வந்தால் என்ன, வீட்டுக்கு வந்தால் சரி. இப்படியே வாழ்ந்தவர்களிடம் போய்ச் சீட்டில் உன் புருஷன் பெயர் வந்திருக்கிறது, அவரைக் கூப்பிடு என்றால், ஷிஃப்டில் இருக்கிறார், தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுத் தன் கையை நீட்டினார்கள். ஆண்களுக்கோ வேறு பயம். ரத்தத்தில் ஏதாவது இருந்தால் ஃபேக்டரியில் அன்ஃபிட் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது.

முதல் நாள் ஒருத்தியிடம் சத்தம் போட்டேன். வெள்ளானூர்க்காரி, வாய்க்கு வாய் கொடுப்பவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா மேடம் நீ. கார்டு அவரு பேருல கீது, நான்தானே போய் அரிசி வாங்கிகினு வர்றேன். ரத்தத்துக்கு மட்டும் அவரே வந்து நிக்கணுமா?”

சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அவள் ரத்தத்தை எடுக்கவில்லை. மாலையில் குழாய்களை எண்ணியபோது என் ட்ரேயில்தான் குறைச்சல். என்னோடு வந்த மற்ற இரண்டு டெக்னீஷியன்களும் நீட்டிய கையிலெல்லாம் எடுத்து, சீட்டில் இருந்த பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். கேட்டதற்கு, “நமக்கு வேண்டியது சீரம்தானே” என்றார்கள். சூப்பர்வைசர் என் ட்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் நாள் நானும் நீட்டிய கையில் எடுக்க ஆரம்பித்தேன். சட்டம் பேசுகிறவளுக்கு அவ்வளவுதான் ஆயுசு.

நாலாம் நாள் என் அக்கா வீடு வந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். எங்கள் அப்பாவும் அதே ஃபேக்டரியில் இருந்தவர்தான். கோயில் பங்கில் பார்த்து, நல்ல கத்தோலிக்கக் குடும்பம், உள்ளூர்ப் பையன், ஃபேக்டரி வேலை என்று மகிழ்ந்துபோய் அவளைக் கட்டிக்கொடுத்தார். அந்த மனிதரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போதெல்லாம் நாக்கு கசக்கும். குடிப்பார். குடித்தால் அடிப்பார். மறுநாள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இனித் தொட மாட்டேன் என்பார். சனிக்கிழமை திரும்பத் தொடுவார். என்னைப் பற்றி, “மூத்திரத்தையும் ரத்தத்தையும் மோந்து பாக்கற உத்தியோகம்” என்று பங்காளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். அக்காவின் இரண்டாவது பிரசவத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ரத்தம் நிற்கவில்லை, இரண்டு பாட்டில் வேண்டும், சொந்தக்காரர் யாராவது கொடுங்கள் என்றார்கள். என் ரத்தம் சேராது. அவருடையது சேரும். சேரும் என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் கொடுத்தால் பலம் போய்விடும், மெஷினில் நிற்க முடியாது என்று ஏதேதோ சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கூடவே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரத்தம் விற்றே சாப்பிடுகிற ஆள். கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தான். அவன் ரத்தம் என் அக்கா உடம்பில் இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைச் சோதிக்க அன்றைக்கு எந்த ஊரிலும் கிட் கிடையாது. அவரோ வெராண்டாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அவரை நான் வெறுத்தேன். நாசூக்காகச் சொல்ல விருப்பமில்லை, வெறுத்தேன்.

அக்கா வீட்டில் சீட்டுக் குலுக்கியபோது அவர் பெயர்தான் வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து முன்னறையில் லுங்கியை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“எழுப்பாதடீ. ஊசின்னா அவருக்கு உசிர் போயிடும். அந்தக் கோபத்தை இன்னிக்குப் பூரா என் மேலதான் காட்டுவாரு. எனக்கே எடுத்துட்டுப் போ.”

அவள் நீட்டிய கையில் முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி எடுத்தேன். குழாயில் பிளாஸ்திரி ஒட்டி எண்ணைப் போட்டேன். ரிஜிஸ்டரில் அந்த எண்ணுக்கு நேராக அவர் பெயர், வயது நாற்பத்தொன்று, ஆண் என்று என் கையாலேயே எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் குழித் தட்டில் சோதனை ஓடியது. மஞ்சளான குழிகளின் எண்களைக் குறித்துக்கொண்டு ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்தேன். அவர் பெயர் வந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ‘மாட்டினாயா’ என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. அடுத்த நொடியில்தான் அந்த நீலத் தடம் போட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன். அந்தக் குழியில் இருந்தது என் அக்கா.

மறுபடியும் அதே சீரத்தை ஓட்டினேன். மறுபடியும் மஞ்சள்.

பெரிய டாக்டரிடம் அன்றே சொல்லியிருக்கலாம். பட்டியலை அவர் பெயரோடு அப்படியே கொடுத்துவிட்டு, அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அக்கா வீட்டுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போய் மாமாவைக் கூட்டிவந்துவிட்டார்கள். பெரிய டாக்டர் அவரை உட்காரவைத்து, ஈரலைப் படம் போட்டுக் காட்டி, இனி ஒரு சொட்டு குடித்தாலும் அது கல்லாகிவிடும், பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்று மிரட்டி அனுப்பியிருந்தார். பெரிய டாக்டர் மிரட்டுவதில் கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது மாமா வீட்டில் சட்டை போடாமல் நெஞ்சில் சிலுவை தொங்க உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு லோட்டாவில் கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோர்.

“இன்னா ம்மா, பாத்தியா. என்னாண்ட வந்து ஒட்டிகினுது,” என்றார். குரலில் முறுக்கே இல்லை.

அக்காவைத் துணி காயப்போடும் சாக்கில் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னேன். அது அவருடைய ரத்தம் இல்லை, உன்னுடையது, நாளைக்கே போய் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன். ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப்பும் மாட்டிய பிறகுதான் பேசினாள்.

“சொல்லாத.”

“அக்கா, இது உன் ஈரல்.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலடீ. வலிக்குதா, காய்ச்சல் அடிக்குதா? கூப்பிட்டுச் சொன்ன நாள்லேருந்து அவர் தொடல. பயந்து போயிருக்காரு. ராத்திரி சத்தம் இல்ல. பசங்க படிக்கிதுங்க. அவருக்கு இல்லன்னு தெரிஞ்சா சாயங்காலமே கடைக்குப் போயிடுவாரு. ஆண்டவராப் பார்த்துக் குடுத்தது, நீ போய்க் கெடுக்காத.”

கெடுக்க மாட்டேன் என்றேன். அக்காவுக்காக ஒத்துக்கொண்டேன் என்றுதான் பல வருஷம் எனக்குள் சொல்லிவந்தேன். அது பாதிதான். அந்த மனிதர் லோட்டாவைப் பிடித்திருந்த கை நடுங்கியது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் நடுங்கட்டும் என்று இருந்தது. அந்த நோய் சத்தமில்லாமல் பத்து வருஷம், இருபது வருஷம் எடுத்துக்கொண்டு ஈரலைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். பிரசவம் முடிந்து ஏற்கெனவே எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று கூட்டிப் பார்க்கவும் தெரியும். கூட்டிப் பார்க்காமல் திருநின்றவூர் வண்டி ஏறினேன்.

அறிக்கை தயாராயிற்று. நமது பகுதியின் எண் தேசத்தின் எண்ணைவிட அதிகம், ஆண்களில் சற்று அதிகம் என்று டைப் அடித்து வந்தது. ஏன் ஆண்களில் அதிகம் என்பதற்கும் ஒரு பத்தி. சலூன் கத்தி, பச்சை குத்தல், தீய பழக்கங்கள் என்று அளந்திருந்தார்கள். கடைசியில், அடுத்த கட்டத்தில் ஆண்களை மட்டும் தொடர்ந்து கவனித்தால் போதும் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘ஆண்’ என்று எழுதிய அத்தனை குழாயிலும் யார் யார் இருந்தார்கள்? அந்தக் குவார்ட்டர்ஸில் பிரசவத்துக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டவள் என் அக்கா ஒருத்திதானா?

பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

“டாக்டர், நிறைய வீட்டில் புருஷன் பெயருக்குப் பெண்டாட்டிதான் ரத்தம் கொடுத்திருக்கா. இந்த ஆண் பெண் கணக்கே தப்பு.”

“நிறைய வீடுன்னா எத்தனை வீடு?”

“தெரியாது.”

“எந்தெந்த எண்?”

ஒரு எண் எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் போதும், மொத்தமும் திரும்ப எடுக்க வேண்டியிருந்திருக்கும். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் லோட்டாவும் நின்றது.

“தெரியாததை நான் டேபிள்ல போட முடியாது,” என்றார். “ரிப்போர்ட் டெல்லிக்குப் போயாச்சு. ஒரு சார்ட் வரைஞ்சு குடு, எழுத்து உனக்கு நல்லா வரும்.”

வரைந்து கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று வருஷம். மாமா நோயாளியாகவே வாழ்ந்தார். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டி ஃபேக்டரியில் மெஷினை விட்டு ஸ்டோர்ஸில் லைட் டியூட்டி வாங்கிக்கொண்டார். ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் ஒருமுறை, இதற்கு இப்போது புது ஊசி வந்திருக்கிறது, வாரம் மூன்று, ஊழியருக்கும் குடும்பத்துக்கும் எழுதிக் கொடுப்பார்கள், இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள் என்று கூப்பிட்டார்களாம். வாரம் மூன்று ஊசி என்றதும் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. ஆனால் குடிக்கவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சனிக்கிழமைகூடக் குடிக்கவில்லை. பெரியவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கோயிலில் திருவிழாக் கமிட்டியில் சேர்ந்தார். பங்கு ஜனம் அவரை உதாரணம் காட்ட ஆரம்பித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா அவருக்கு உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் தனியாகச் சமைத்தாள். அவர் தட்டு, அவர் டம்ளர் தனி. அவளோ எல்லாரும் சாப்பிடுவதையே சாப்பிட்டாள். மத்தியானத்தில் அவர் படுத்திருக்க, இவள் தண்ணீர் லாரிக்கு ஓடுவாள். இரண்டாம் வருஷம் அவள் கால் வீங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே இருப்பதால் என்றாள். உடம்பு அரிக்கிறது என்றாள், வேர்க்குரு என்றாள். அவள் ரத்தத்தை என் பெயரில் எங்கள் லேபில் சோதித்துப் பார்த்தேன். ஈரல் எண்கள் ஏறியிருந்தன, பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்றேன். சின்னவன் பத்தாவது முடிக்கட்டும் என்றாள்.

அதுவரை அவள் உடம்பு தாங்கவில்லை. ஒரு மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆட்டோவில் போட்டு, பட்டணத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு ஒரு இளம் டாக்டர் வந்தார். ஈரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது, ரத்தத்தில் சி கிருமி இருக்கிறது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்குக் கீது டாக்டர். மூணு வருசமா கீது. என்னாண்டேருந்துதான் அவளுக்குப் போயிக்கீது. நான்தான் பாவி,” என்று சொல்லி அழுதார். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து வந்து, “அழாத நைனா, நீ இன்னா வேணும்னா பண்ண,” என்று அவர் முதுகைத் தடவினாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு ஆறுதல் கிடைப்பதை. பாவி என்று பேர் வாங்கிக்கொள்வதில்கூட அந்த மனிதர் முன்னால் வந்து நிற்பதை. “உங்களுக்கு இல்ல மாமா,” என்றேன். “எப்பவுமே இருந்ததில்ல. அன்னைக்கு உங்க பேர்ல நான் எடுத்தது அக்காவோட ரத்தம்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் நம்பவில்லை. முதல் தடவையாகத் தானே சட்டைக் கையை மடித்து அந்த டாக்டரிடம் நீட்டினார், எடுத்துப் பாருங்கள் என்று. எடுத்தார்கள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை.

நான் அந்த இளம் டாக்டரிடம் அந்தப் புது ஊசியைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இவ்வளவு கெட்டுப்போன ஈரலுக்கு அதைப் போட முடியாது, போட்டால் அதுவே கொன்றுவிடும் என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்றால் போட்டுப் பார்த்திருக்கலாம், நோய் அதற்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் போயிருக்கலாம் என்றார். நல்ல பையன். யாரையும் குற்றம் சொல்லவில்லை.

மாமா வார்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகும்போது நிமிர்ந்து பார்த்தார். அவர் கத்துவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

“மூணு வருசமா உனக்குத் தெரியுமா?” என்றார்.

“அக்காதான் சொல்ல வேணாம்னா. நீங்க திரும்பக் குடிப்பீங்கன்னு.”

“அவ சொல்லுவா. அவ படிக்காதவ. நீ படிச்சவ தானே.” மூச்சு வாங்கிக்கொண்டார். “குடிச்சிருப்பேனோ இன்னாவோ. குடிச்சிகினேகூட ஃபேக்டரில எழுதிக் குடுத்து அவளுக்கு அந்த ஊசிய வாங்கியிருப்பேன். ஃபேமிலிக்கும் தர்றானுங்கன்னு உனக்குத் தெரியும் தானே?”

தெரியும். இந்த மனிதர் அவளுக்காக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது? அவர் என்னிடம் கேட்ட முதல் நியாயமான கேள்வி அது. படியிறங்கிப் போய் வெளியே கூட்டத்தில் நின்றேன்.

அக்கா அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். என்னைத் திட்டவில்லை. அவர்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். லைட் டியூட்டியை விட்டுவிட்டு மெஷினுக்கே திரும்பிப் போனார். காலையில் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டுத்தான் போவார். அவளுக்கு ரத்தம் தேவைப்பட்ட இரண்டு தடவையும் அவர்தான் கொடுத்தார். நான் போனால் எழுந்து வெளியே போய்விடுவார். அடக்கம் முடிந்து ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். வாசற்படியிலேயே நின்றார்.

“பசங்கள கோயில்ல பாத்துக்கோ. ஊட்டுக்கு வராத.”

வரவில்லை. பையன்களைக் கோயிலில் பார்ப்பேன். அவர் தூரத்தில் ஆண்கள் பக்கம் நிற்பார், சுத்தமான சட்டையோடு, தெளிந்த கண்ணோடு. யாரிடமாவது அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டேதான் இருந்தேன், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது சேதி வராதா என்று. அவர் குடிக்கவில்லை. குடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.